மாதேசனின் இரவல் சாமான்கள்

பயிற்சி வகுப்பில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "பழைய அமைப்பாளர் நீங்க, புதுசா வந்திருக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார்கள். எழுந்து போய் மைக் முன்னால் நின்றேன். "வணக்கம்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அது தப்பில்லை. முழங்கால் விட்டுப்போய் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வரும்வரை சத்துணவுக் கூடத்திலேயே நின்றவள் நான். பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தால் பேச வரும், பெரியவர்களின் வரிசையைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் சொல்ல நினைத்ததை எழுதித் தருகிறேன்.

அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். நான் எழுதுவது ஒரு பையனைப் பற்றி. இதில் நாங்கள் ஜெயிக்கவில்லை. முடிவு நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்து யாரும் படிக்க வேண்டாம் என்பதற்காக அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், கம்பைநல்லூர் போகும் ரோட்டை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அமைப்பாளராக இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்ததற்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது. ஆசிரியர்கள் அறைக்குள் தேவையில்லாமல் நுழைய மாட்டேன். சமையல் செய்தவர் ஆரோக்கியம் அக்கா. பக்கத்துக் கிறிஸ்தவத் தெருக்காரர், வாய் மட்டும் பெரியது.

அந்தக் காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு கொண்டு வர வேண்டும். ஏழாம் வகுப்பு மாதேசன் எனக்குத் தனியாகத் தெரிந்தது தட்டினால்தான். வாரத்தில் பாதி நாள் வெறும் கையோடு வரிசையில் நிற்பான்.

"வந்துட்டாருங்க மகராசரு" என்பார் அக்கா. "தட்டு எங்கடா?"

"வூட்ல இருக்குதுங்க."

"அப்ப சோத்தையும் வூட்லயே போயித் தின்னு."

"வூட்ல சோறு இல்லீங்க."

வரிசை முழுக்கச் சிரிக்கும். அவன் சிரிக்க மாட்டான், கோபப்படவும் மாட்டான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாகிவிட்டது என்பதுபோல அக்காவின் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பான். பூவரச இலை பறித்து வரச்சொல்லி அதில் போடுவோம்.

தட்டு மட்டும் இல்லை. பேனா, நோட்டு, காம்பஸ் டப்பா, ஒரு கால் செருப்பு என்று எல்லாமே போகும். கணக்கு வகுப்புக்குத் தமிழ் நோட்டை எடுத்து வைப்பான். வீட்டுப்பாடம் எழுதியிருப்பான், அதை எங்கே வைத்தான் என்று தெரியாது. ஆனால் மக்குப் பையன் இல்லை. பாடம் ஒருமுறை கேட்டால் போதும், கமா விடாமல் திருப்பிச் சொல்வான். வாத்தியார் போர்டில் தப்பாக எழுதினால் அந்த நிமிடமே எழுந்து, "தப்புங்க சார்" என்பான். அதற்கும் அடி விழும்.

இப்போது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். பயிற்சிக்கு வந்த டாக்டர் ஆஸ்பெர்ஜர் என்றார். அன்று எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. தலைமை ஆசிரியர் வைத்திருந்த பெயர் திமிர். அக்கா வைத்திருந்த பெயர் மறதிக்கார மகராசா.

ஒருநாள் தலைமை ஆசிரியர் அவன் அம்மா மாதம்மாவைக் கூப்பிட்டு, இப்படியே போனால் டி.சி. கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அவள் நேராகச் சமையல் கூடத்துக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டாள். கடலைக்காட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். கால் முழுக்க மண்.

"எட்டாவது முடியிற வரைக்கும் இங்க இருந்தா போதுங்க. பள்ளிக்கூடம் இல்லீனா அவங்கப்பன் பெங்களூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவாரு. அங்க ஓட்டல்ல எச்சில் டேபிள் துடைக்கிறாரு. இவனையும் சேர்த்து வுட்டுருவேன்னு சொல்லிக்கிட்டே இருக்கறாரு."

"ஓட்டல்ல வேல செஞ்சா சோறாச்சும் கெடைக்கும்ல" என்றார் அக்கா.

"சோத்துக்குப் பயப்படலீங்கக்கா. நம்ம ஊருச் சந்தையிலயே ரெண்டு தடவை தொலஞ்சு போனவன். அந்த ஊர்ல போனான்னா நான் எங்க போயித் தேடுவேன்?"

அந்தப் பையனைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருப்பது என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. படிப்புக்காக இல்லை. அவன் தொலையாமல் இருப்பதற்காக.

வழி தெரிந்தது தற்செயலாகத்தான். ஒருநாள் பூவரச இலையும் கிடைக்கவில்லை. அக்கா முணுமுணுத்துக்கொண்டே தன் தட்டை எடுத்து அவனிடம் நீட்டினார். எவர்சில்வர் தட்டு, விளிம்பில் பாத்திரக்கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டிய 'ஆரோக்கியம்' என்ற பெயர்.

"இது எங்கம்மா வூட்டுச் சீருடா. தொலச்சீன்னா தோல உரிச்சு வெயில்ல காயப் போட்டுருவேன்."

அவ்வளவுதான் தட்டு என்று நான் நினைத்தேன். சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்போது கழுவிய தட்டோடு வந்து நின்றான். அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்.

"என்கிட்டக் குடு, நாளைக்குக் குடுத்துடறேன்" என்றேன்.

"இது உங்களுது இல்லீங்க. ஆரோக்கியம்னு பேரு இருக்குது."

தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கிறிஸ்தவத் தெரு வரைக்கும் நடந்துபோய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான்.

இதை ஏழாம் வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். அவர் காரிமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். என்னைவிடச் சின்னவர், ஆனால் இந்த வேலையில் எனக்கு வழிகாட்டி என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் சொல்வேன். ஒரு வாரம் அவனைக் கவனித்தார். தன் பேனாவைக் கொடுத்துப் பார்த்தார். வகுப்பில் இன்னொரு பையனின் ஸ்கேலைக் கொடுக்கச் சொன்னார். பிறகு சமையல் கூடத்துக்கு வந்து சொன்னார்:

"அம்மா, அவனுதுன்னு இருக்கிறது எல்லாம் தொலைஞ்சு போகுது. அடுத்தவங்களுது எதுவும் தொலையிறதில்ல. அவனுக்குச் சொந்தமா எதுவுமே இருக்கக் கூடாது."

கேட்பதற்கு என்னவோபோல இருந்தது. ஆனால் செய்தோம். மாதம்மா அவன் சாமான்களை எல்லாம் எங்களிடம் கொண்டு வந்து கொடுத்தாள். பை என்னுடையது ஆனது. பேனாவும் காம்பஸ் டப்பாவும் டீச்சருடையவை. தட்டு ஆரோக்கியம் அக்காவுடையது. "செருப்புக்கும் நானே ஓனரு" என்று அக்கா சொல்லிக்கொண்டார். காலையில் பள்ளிக்கு வரும் வழியில் அக்கா வீட்டில் செருப்பை வாங்கிப் போட்டுக்கொள்வான், சாயங்காலம் அங்கே விட்டுவிட்டு அடுத்த தெருவில் உள்ள தன் வீட்டுக்கு வெறுங்காலோடு போவான். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். ஆனால் செருப்பு இரண்டு காலிலும் இருந்தது. வீட்டுப்பாட நோட்டை, "இது டீச்சருது, காலைல டீச்சர் கையில குடுக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினால் மறுநாள் காலையில் டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நோட்டோடு நிற்பான்.

இதில் எங்களுக்கு ஒரு கடமை இருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் அந்த இடத்தில் நிற்க வேண்டும். டீச்சர் ஒருநாள் காய்ச்சல் என்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டார். பள்ளி விட்ட பிறகும் அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்திலேயே நின்றான். யார் சொல்லியும் நகரவில்லை. இருட்டுகிற நேரத்தில் மாதம்மா வந்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு டீச்சர் தலைவலி, ஜுரம் எதுவானாலும் அவனிடமிருந்து பேனாவை வாங்காமல் பஸ் ஏறியதில்லை. உதவி செய்கிறோம் என்று ஒரு பிள்ளையிடம் ஆரம்பித்தால், கொடுப்பது அதில் பாதிகூட இல்லை. வாங்கிக்கொள்ள நிற்பதுதான் வேலை.

அரைப்பரீட்சையில் அவன் எல்லாப் பாடத்திலும் எழுதினான். பேனாவும் நோட்டும் கையில் இருந்ததால் எழுதினான், வேறொன்றும் இல்லை. தலைமை ஆசிரியர் டி.சி. பேச்சை எடுக்கவில்லை. அக்காகூட வரிசையில் அவனைப் பார்த்து, "வாடா என் குடித்தனக்காரா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். அதற்கு அவன், "நான் உங்க வூட்ல குடியில்லீங்க" என்பான்.

பிறகு ஆண்டு விழா வந்தது.

விழாவுக்குத் தலைமை தாங்க வந்தவர் அரிசி மில்லுக்காரர். நல்ல மனுஷர், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவர். இந்தப் பையன் தினமும் வீடு வீடாகப் போய் இரவல் வாங்கிப் படிக்கிறான் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். தலைமை ஆசிரியருக்கும் அது ஆரம்பத்திலிருந்தே உறுத்தல்தான். "பையனக் கையேந்திப் பழக்கறீங்களேம்மா" என்று ஒருமுறை டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் இரவல் என்றால் அவமானம். இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால்கூட யாருக்கும் தெரியக் கூடாது.

மில்லுக்காரர் மேடையில் மாதேசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். புதுப் பை, புதுத் தட்டு, பேனா, காம்பஸ் டப்பா, செருப்பு, எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். "கண்ணு, இனிமே நீ எவர் வாசல்லயும் போயி நிக்க வேண்டாம். இது அத்தனையும் உன்னோட சொந்தம்" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. மாதம்மா அழுதுகொண்டே கும்பிட்டாள்.

டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார். எழுந்து மேடைக்குப் பின்னால் போய்த் தலைமை ஆசிரியரிடம் ஏதோ சொன்னார். அவர் பதில் எனக்கே கேட்டது.

"மேடையில தானம் குடுக்கிற மனுஷன் கையப் புடிச்சு நிறுத்தச் சொல்றீங்களா? நல்லா இருக்குதும்மா!"

விழா முடிந்ததும் மாதேசன் எங்களிடம் வந்தான். என் பழைய பையை என்னிடம் கொடுத்தான். பேனாவையும் டப்பாவையும் டீச்சரிடம் கொடுத்தான். அக்காவிடம் தட்டையும் செருப்பையும் கொடுத்தான். எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தன.

"எனக்கு வந்துருச்சுங்க" என்றான்.

டீச்சர் சட்டென்று யோசித்து, "அந்தப் புதுசையும் குடு மாதேசா. அதுவும் என்னுதுதான். நான் உனக்கு இரவலாத் தரேன்" என்றார்.

"இல்லீங்க டீச்சர். என்னோட சொந்தம்னு மைக்குல சொன்னாரு."

அவனிடம் பொய் செல்லாது. எந்த நெருக்கடியிலும் ஒரு சின்னப் பொய் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் நாம். சில பிள்ளைகளிடம் அந்தக் கதவே கிடையாது.

அந்த வாரத்திலேயே பேனா போனது. தட்டு எங்கோ கிணற்று மேட்டில் கிடந்து யாரோ எடுத்துக்கொண்டார்கள். மறுபடி அக்கா தன் தட்டை நீட்டினார். வாங்க மாட்டேன் என்றான்.

"எனக்குத் தட்டு இருக்குதுங்க."

"எங்கடா இருக்குது?"

"தெரியலீங்க. எங்கயோ இருக்குது."

சொந்தமாக ஒன்று இருக்கிறவன் எதற்கு இரவல் வாங்க வேண்டும்? அவன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தொலைந்தாலும் அது அவனுடையதுதானே. மறுபடி இலைக்கு வந்தோம்.

டீச்சர் ஒரு சாயங்காலம், "மில்லுக்காரர்கிட்டப் போயிப் பேசுவோம், நீங்களும் வாங்கம்மா" என்றார். நான் வேறு யாராவது போகட்டும் என்று பார்த்தேன். வேறு யாரும் இல்லை. போனோம். மில்லில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, நாற்காலி போட்டு, காபி வரவழைத்துக் கொடுத்தார். டீச்சர் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க. அதெல்லாம் என்னுதுதான், உனக்கு இரவலாக் குடுத்தேன், பத்திரமாத் திருப்பிக் குடுன்னு அவன்கிட்டச் சொன்னாப் போதும்" என்றார்.

அவர் முகம் சுருங்கிப் போனது.

"ஏனுங்க டீச்சர், ஊரு முன்னால குடுத்தத என்னுதுன்னு சொல்லச் சொல்றீங்களே. குடுத்துட்டுத் திருப்பிக் கேட்டான்னு நாளைக்கு எம் பேரன் வரைக்கும் பேசுவாங்க. எங்க வூட்ல அது வழக்கம் இல்லீங்க. தொலச்சா தொலைக்கட்டும், இன்னொரு செட்டு வாங்கித் தாரேன். அதுக்கு என்ன இப்ப?"

"இன்னொண்ணும் தொலஞ்சுருங்க அய்யா" என்றேன். எனக்கே என் குரல் கேட்டது.

"தொலையட்டும்மா. அதுக்கும் மேல ஒண்ணு வாங்கித் தாரேன்."

"டி.சி. குடுத்துருவாங்க அய்யா. அப்பறம் அந்தப் பையனே தொலஞ்சுருவான்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "பொம்பளைங்களுக்கு எப்பவும் பயம்தான். நான் எச்.எம்.கிட்டச் சொல்றேன், போங்க" என்றார்.

சொன்னார். வாக்குத் தவறாமல் இன்னொரு செட்டும் வாங்கிக் கொடுத்தார். அது எல்லாவற்றையும் இன்னும் கெடுத்தது. மில்லுக்காரர் கொடுத்த காம்பஸ் டப்பா சந்தையில் வேறொரு பையன் கையில் இருந்ததை அவருடைய ஆளே பார்த்துவிட்டு வந்து சொன்னான். கொடுத்தவர் முகத்தில் அடித்ததுபோல ஆகிவிட்டது என்று ஊர் பேசியது. முன்பு மறதிக்காரனாக இருந்தவன் இப்போது நன்றி கெட்டவன் ஆனான். "எங்கடா டப்பா? வித்துட்டியா?" என்று தலைமை ஆசிரியர் கேட்டபோது, "அது என்னுது சார், உங்களுது இல்ல" என்றான். உண்மையைத்தான் சொன்னான். அன்றைக்கு அவன் வாங்கிய அடி சமையல் கூடம் வரை கேட்டது.

முழுப்பரீட்சைக்கு முன்னால் டி.சி. எழுதப்பட்டது. டீச்சர் தலைமை ஆசிரியர் அறையில் நெடுநேரம் வாதாடிவிட்டுக் கண் சிவந்து வெளியே வந்தார். அடுத்த ஆனியில் அவருக்குக் கடத்தூர்ப் பக்கம் மாறுதல் வந்தது. மாதேசனின் அப்பா பண்டிகைக்கு ஊருக்கு வந்தவர், திரும்பும்போது அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

அவன் போன பிறகு எத்தனை மாதம் என்று நினைவில்லை. கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசையின் கடைசியில் மாதம்மா நின்றாள். தலையில் துணிகூடப் போடவில்லை. கை காலியாக இருந்தது. அவள் முறை வரும்வரை நின்றாள். அக்கா கரண்டியைச் சோற்றில் குத்தி வைத்துவிட்டார்.

"விடிகாலைல பால் வாங்கியாரச் சொல்லி அனுப்புனாங்களாம்" என்றாள். "தூக்குப் போசிய எடுத்துக்கிட்டுப் போனானாம். திரும்பி வரலியாம். அவங்கப்பன் எல்லாப் பக்கமும் தேடிப் பார்த்துட்டாரு. போலீஸ்ல சொல்லியிருக்குது."

சோறு வாங்கி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"போசி ஓட்டல் முதலாளியுதுங்க" என்றாள். "அவங்கப்பனுது இல்ல. நல்லாக் கேட்டுட்டேன்."

எதற்காகக் கேட்டாள் என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும்.

"அப்ப வந்துருவான் இல்லீங்க?"

புதிதாக வந்திருக்கிறவர்களே, இப்படி ஒருத்தி உங்கள் முன்னால் நிற்பாள். சோறு எப்படிப் பங்கிடுவது என்று சொல்லித் தர ஆள் இருக்கிறது, இதற்கு இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவன் திருப்பிக் கொடுத்ததெல்லாம், வாங்கிக்கொள்ள ஒருவர் நின்ற இடம் அவனுக்குத் தெரிந்ததால். பஸ் நிற்கும் இடத்தில் டீச்சர் நின்றார், கூடத்தில் நான் நின்றேன், கிறிஸ்தவத் தெருவில் அக்கா நின்றார். அந்தப் பெரிய ஊரில் அந்தப் போசிக்காக வாசலில் யார் நின்றிருப்பார்கள்?

அதை அவளிடம் சொல்ல முடியாது. ஆரோக்கியம் அக்காதான், "வந்துருவான் மாதம்மா, மாதா கூட்டியாந்துருவா" என்றார். நான் தட்டு ஒன்றை எடுத்துச் சோறு போட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் சாப்பிடவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்து, மழையைப் பார்த்தபடி, யாரோ மறுத்துச் சொன்னதுபோல மறுபடியும் சொன்னாள்.

"முதலாளி போசிதாங்க."